இடது கை அசையவில்லை

"எது நல்லது?" என்ற கேள்வியோடு யார் படியேறினாலும் டீச்சர் முகம் சுண்டிவிடும். விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா, இந்த ஆன்டிவைரஸ் நல்லதா, அந்த பிரவுசர் நல்லதா என்று எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் ஒன்றுதான் இருந்தது.

"நேத்து கம்ப்யூட்டர்ல என்ன செஞ்சீங்க? உக்காந்து செஞ்சு காட்டுங்க."

வந்தவர் திருதிருவென்று முழிப்பார். பிறகு உட்கார்ந்து, ஈமெயிலைத் திறப்பதோ, பேரன் போட்டோவைப் பெரிதாக்குவதோ, ஏதோ ஒன்றைச் செய்து காட்டுவார். டீச்சர் திரையைப் பார்க்கவே மாட்டார். பக்கவாட்டில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, வந்தவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். மவுஸ் எந்த மூலைக்குத் தானாகப் போகிறது, எந்த இடத்தில் தயங்குகிறது, எந்த விரல் எதைத் தேடுகிறது. சிலருக்குக் கூச்சமாகிவிடும், திரும்பி அவரைப் பார்ப்பார்கள். "திரைய நீங்க பாருங்க. கைய நான் பாக்குறேன்" என்பார்.

பேகம்பூரில் ஒரு சந்துக்குள் அவர் வீடு. முன் அறைதான் சர்வீஸ் கடை. போர்டு கிடையாது. கிரில் கேட்டில் ஒரு பழைய கீபோர்டை வயரோடு கட்டித் தொங்கவிட்டிருப்பார், அதுதான் அடையாளம். வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் வேலை. கல்யாணத்துக்கு முன் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு சொல்லிக்கொடுத்ததால் ஊருக்கே அவர் டீச்சர்தான். வயதில் பெரியவர்களும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். பெட்டிகளைக் கழற்றினால் திருகாணிகளை இட்லித் தட்டில் போடுவார். ஒரு குழிக்கு ஒரு கம்ப்யூட்டர். குழி மாறினால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். அந்தத் தட்டில் அதற்கு முன் இட்லி வெந்ததா என்று நான் கேட்டதில்லை.

இப்போது அவர் இங்கே இல்லை. பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பத்தோடு திருச்சிப் பக்கம் போய்விட்டார். போன வாரம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "கம்ப்யூட்டருக்கு இனி அப்டேட் வராதுன்னு காட்டுது, புதுசு வாங்கணுமாம். இல்ல லினக்ஸ் போடலாம்ங்கிறாங்க. எது நல்லதுங்க?" என்று கேட்டபோது என் வாயிலிருந்து தானாக வந்தது, "நேத்து என்ன செஞ்சீங்க?" கேட்டுவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். அவர் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டார், சொல்லவில்லை. சொன்னால் நான் செய்த கூத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களிடம் சொல்லலாம்.

கொடைரோட்டிலிருந்து ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் டீச்சரிடம் வருவார். அவருடைய கம்ப்யூட்டர் மாமாங்கத்துப் பழசு. விண்டோஸ் அதில் முக்கி முனகி எழுந்திருப்பதற்குள் மனுஷர் குளித்துவிட்டு வந்துவிடலாம். டீச்சர் கையைப் பார்த்தார். செய்தி வாசிப்பது, வெளிநாட்டிலிருக்கும் மகளோடு வீடியோவில் பேசுவது, இரண்டே வேலை. லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். ஆனால் அவர் கை எந்த மூலைக்குப் போகுமோ அதே மூலையில் அதே மாதிரி ஐகான் படங்களை வைத்தார். பின்னணியில் இருந்த மகளின் கல்யாண போட்டோவைக்கூட மறக்கவில்லை. மாற்றியதைச் சொல்லித்தான் கொடுத்தார். அந்தப் பெரியவர் காதில் வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது வந்தார். நான் சும்மா இருக்காமல், "லினக்ஸ் எப்படி இருக்குங்க?" என்றேன். "அதெல்லாம் நமக்கு ஒத்து வராது தம்பி. விண்டோஸ்தான். டீச்சர் சரி பண்ணிக் குடுத்ததுலருந்து பறக்குது" என்றார். நான் வாயைத் திறந்தேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

இன்னொரு நாள், ஜாக்கெட்டில் எம்பிராய்டரி போடுகிற ஒரு பெண் வந்தாள். அவளிடமிருந்த தையல் மெஷினுக்கு டிசைன் அனுப்புகிற மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். "லினக்ஸ்ல அதையும் ஓட வைக்க வழி இருக்கு டீச்சர்" என்று ஆரம்பித்தேன். "இருக்கு. நாலு நாள் ஓடும். ஒரு நாள் ஓடாது. அன்னைக்குக் கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டு கேட்டு வாசல்ல நிப்பா. நீங்க போய்ப் பதில் சொல்றீங்களா?" என்றார். அந்தப் பெண்ணுக்கு விண்டோஸையே சுத்தமாகப் போட்டு, அதில் இணையம் பக்கமே போகாதே என்று சொல்லி அனுப்பினார்.

அவர் வீட்டுக்காரர் ஒரு முறை, "எனக்கு எதுடி சரி வரும்?" என்று ஆசையாகக் கேட்டார். டீச்சர் அவர் கையைப் பார்க்கவே இல்லை. "உங்களுக்குப் போன் போதும்" என்று சொல்லிவிட்டு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் எனக்கு லினக்ஸ் பித்துப் பிடித்திருந்தது. ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர் வேலை. அங்கே வருகிற கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவச சிடி வரும், அதைக் கொண்டுவந்து என் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில் ஆரம்பித்தது. அதற்குப் பின் வைரஸ் என்று யாராவது சொன்னால் போதும், பிரசங்கம்தான். எங்கள் தெருவில் என்னைக் கண்டு ஆட்கள் எதிர்ப்பக்கம் போனார்கள் என்று அக்கா சொல்வாள். அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள், ஆனால் அது உண்மையாகவும் இருக்கலாம்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்த அக்கா. நாகல் நகர்ப் பக்கம் ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டிலிருந்தபடியே தமிழ்த் தட்டச்சு செய்து கொடுப்பாள். பள்ளி விழா அழைப்பிதழ், மனு, கேள்வித்தாள், எதுவானாலும். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் திரும்பி வந்தவள், தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் நிமிர்ந்தாள். பழைய தட்டச்சு மெஷினில் படித்த கை. கீபோர்டைக் குனிந்தே பார்க்க மாட்டாள். யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டே அழைப்பிதழ் அடித்துவிடுவாள்.

அந்தக் கம்ப்யூட்டரிலிருந்த விண்டோஸ் மாசக்கணக்காகத் தகராறு செய்தது. யார் யாருடைய பென்டிரைவோ செருகிச் செருகி வைரஸ் புகுந்திருந்தது. நான் டீச்சரிடம் போய், லினக்ஸ் போடப் போகிறேன் என்றேன். உத்தரவு கேட்டுப் போகவில்லை, பெருமை பேசத்தான் போனேன்.

"உங்க அக்கா எதுல டைப் பண்றாங்க?" என்றார்.

"தமிழ்லதான்."

"எந்தத் தமிழ்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் என்ன எந்தத் தமிழ். "நம்ம தமிழ்தான் டீச்சர்" என்றேன்.

"அவங்களக் கூட்டிட்டு வாங்க. கையப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒட்டன்சத்திரத்தில் சொந்தக்காரர் கல்யாணம். அக்கா இரண்டு நாள் போயிருந்தாள். திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓட வேண்டும், அவள் அசந்துபோக வேண்டும் என்பது என் திட்டம். அவளுடைய பென்டிரைவை அழித்து அதில் லினக்ஸை ஏற்றினேன். அவளுடைய கோப்புகளை எல்லாம் டிஸ்கின் இன்னொரு பகுதிக்கு நகர்த்திவைத்துவிட்டுத்தான் விண்டோஸைத் துடைத்தேன். அந்த அளவுக்கு எனக்கும் விவரம் உண்டு. அரை மணி நேரத்தில் லினக்ஸ் வந்துவிட்டது. சுத்தம். வேகம். அக்காவின் கோப்பு ஒன்றைத் திறந்தேன்.

ஒரு எழுத்துத் தமிழ் இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுவில் செமிகோலன், அங்கங்கே கேப்பிடல். ஒரு வார்த்தைக்கும் பொருள் இல்லை. இன்னொன்றைத் திறந்தேன், அதே கதை. நாற்பது ஐம்பது திறந்திருப்பேன். எனக்கு ஆத்திரம் வந்தது. பார், இந்த வைரஸ் உள்ளே புகுந்து ஒன்றுவிடாமல் அரைத்து வைத்திருக்கிறது. நாளைக்கு யாருடைய பென்டிரைவிலோ ஏறி ஊரெல்லாம் பரவும். அத்தனையையும் தேர்ந்தெடுத்தேன். குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாமல் ஒரேயடியாக அழித்தேன். டீச்சரிடம் காட்ட மாதிரிக்கு ஒன்றை மட்டும் முன்பே வேறு இடத்தில் எடுத்துவைத்திருந்தேன். பிறகு, செய்ததைச் சொல்லிப் பெருமைப்பட அவருக்கே போன் போட்டேன்.

"அப்படி என்ன இருக்கு அதுல? முத வரிய அப்படியே வாசிங்க" என்றார்.

"அர்த்தமே இல்ல டீச்சர். டி, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன்."

மறுமுனையில் மேஜை மேல் விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. டொக் டொக்கென்று ஏழு தட்டு. பிறகு அவர் குரல், "வணக்கம்."

"வணக்கம் டீச்சர்" என்றேன் நானும்.

"உங்களுக்குச் சொல்லல தம்பி. அதுல வணக்கம்னு இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடிக்கும்போது கம்ப்யூட்டருக்குள் போவது ஆங்கில எழுத்துதான். 'வ' வேண்டுமென்றால் டி, 'ண' வேண்டுமென்றால் இசட். அந்த எழுத்துரு இருக்கிற வரை அது தமிழாகத் தெரியும். "உள்ள ஆளு இங்கிலீஷு. மேல வேட்டி சட்டைதான் தமிழு. நீங்க விண்டோஸத் தொடைக்கும்போது அந்த வேட்டிய உருவிட்டீங்க. அம்புட்டுத்தான். வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. மத்ததெல்லாம் பத்திரமா இருக்குல்ல?"

திரையில் மிஞ்சியிருந்த அந்த ஒற்றைக் கோப்பைப் பார்த்தேன்.

"தம்பி?"

"அழிச்சிட்டேன் டீச்சர்."

அவர் திட்டவில்லை. "இப்ப எதையும் தொடாதீங்க. ஷட்டவுன்கூடக் குடுக்காதீங்க. வயரப் புடுங்குங்க" என்றார். குரல் மாறவே இல்லை. வயரைப் பிடுங்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் கோப்புகளில் என்ன இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு பெண் ஆறு மாதமாக அக்காவிடம் வந்துகொண்டிருந்தாள். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு. நானூறு பக்கம். நோட்டில் எழுதி எழுதிக் கொண்டுவருவாள், அக்கா அடிப்பாள், திருத்துவாள், மறுபடி வருவாள். அந்த வெள்ளிக்கிழமை அதைச் சமர்ப்பிக்கக் கடைசி நாள். தவறினால் பதிவே ரத்தாகிவிடும் என்று அவள் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நான் அழித்தது செவ்வாய்க்கிழமை.

புதன் காலை அக்கா ஊரிலிருந்து வந்தாள். அவளிடம் டிஸ்கில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேகம்பூருக்குக் கூட்டிப்போனேன். டீச்சர் எங்களை உட்காரவைத்தார். பெட்டியைத் திறந்து, திருகாணிகளை இட்லித் தட்டில் ஒரு குழியில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்தார்.

"நேத்து என்ன செஞ்சீங்க தம்பி? செஞ்சு காட்டுங்க."

அவருக்குத் தெரியும், போனில் சொல்லியிருந்தேன். ஆனாலும் வயரில்லாத ஒரு கீபோர்டை என் முன்னால் தள்ளினார். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கன்ட்ரோல், ஏ. பிறகு ஷிப்ட், டெலீட். பிறகு என்டர். மூன்று தட்டில் முடிந்துவிட்டது. அக்கா எத்தனையோ வருஷமாக அந்தக் கட்டைகளில் விரல் வைத்திருப்பவள், அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஏலே" என்றாள். அவ்வளவுதான். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்காமல், "என்னைய ஒரு வார்த்த கேக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையாலே?" என்றாள்.

டீச்சர் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். பிஸ்மில்லா சொல்லி ஸ்விட்சைத் தட்டினார். அழித்த கோப்பு உடனே மறைந்துபோவதில்லை, அதன் மேல் வேறு எதையும் எழுதாதவரை அங்கேயேதான் கிடக்கும் என்றார். அதைத் தேடி எடுக்கிற மென்பொருளை அவர் லினக்ஸில்தான் வைத்திருந்தார். "பாருங்க, உங்க லினக்ஸ்தான் இதத் தேடப் போகுது. அது மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார். வேறு ஒரு நாளாக இருந்தால் நான் குதித்திருப்பேன்.

நெடுநேரம் ஆனது. பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள், அவர் உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்தார். திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அக்கா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டரை மணி சுமாருக்கு ஓட்டம் நின்றது. கோப்புகள் வந்துவிட்டன. ஆனால் எல்லாம் பெயர் போய் வந்தன, தேதியும் போயிருந்தது. வெறும் எண்கள்தான் பெயர். அளவை வைத்துத் தேடியதில், அந்த ஆய்வேடு மட்டும் ஐந்து பிரதி கிடைத்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அக்கா ஒரு பிரதி எடுத்து வைத்திருந்திருக்கிறாள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே அளவு.

"கடைசியாத் திருத்துனது எதுக்கா?" என்றார் டீச்சர்.

அக்காவுக்குத் தெரியவில்லை. கடைசித் திருத்தங்களைக் குறித்த தாளை அந்தப் பெண்ணே வாங்கிப் போய்க் கிழித்துப் போட்டுவிட்டாள், முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில். நானூறு பக்கத்தில் எந்த மூலையில் எந்தச் சொல்லை மாற்றினோம் என்று அக்கா நெற்றியைத் தேய்த்தாள். வராது என்று தெரிந்தது. அவளுக்கு அழுகைதான் வந்தது. "பழசக் குடுத்து அந்தப் புள்ள மாட்டிக்கிட்டா? அதுல தப்புத் தப்பா இருக்கும் டீச்சர்" என்றாள். தமிழாகத் தெரியவைக்கும் எழுத்துரு சிடி ஒரு அச்சகத்தில் இரவல் போயிருந்தது, சாயங்காலம்தான் வரும். சிடி வந்தாலும் எது கடைசி என்று எழுத்துரு சொல்லாது.

டீச்சர் அந்த வயரில்லாத கீபோர்டை என்னிடமிருந்து எடுத்து அக்கா முன்னால் வைத்தார்.

"யோசிக்காதீங்கக்கா. யோசிச்சா வராது. கண்ண மூடுங்க. அந்தப் பொண்ணு கடைசியா வந்துட்டுப் போன அன்னைக்கு உக்காந்தீங்கல்ல, அதே மாதிரி உக்காருங்க. மொதல்ல எதத் திருத்துனீங்களோ அத அடிங்க. சும்மா அடிங்க."

அக்கா கண்ணை மூடினாள். கைகள் கீபோர்டின் மேல் போய் நின்றன. நான் திரையையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் முக்காலியை இழுத்துப்போட்டு, வழக்கம்போல் கையை மட்டும் பார்த்தார். பிறகு அக்காவின் விரல்கள் தட்டின. ஐந்து தட்டு, ஒரு சின்ன இடைவெளி, அதன் பின் கொஞ்சம். நின்றுவிட்டது.

"இம்புட்டுத்தான் வருது" என்றாள் அக்கா.

"போதும். மொத அஞ்சு தட்டுக்கு இடது கை அசையவே இல்ல" என்றார் டீச்சர். தன் வலது கையை மடியில் வைத்து மெதுவாக அதே மாதிரித் தட்டிப் பார்த்தார். "எம், கே, செமிகோலன், கே, எச். எல்லாமே வலது கைப் பக்கம். அம்மா. அம்மான்னு அடிச்சீங்களா?"

அக்கா கண்ணைத் திறந்தாள். "ஆத்தாடி, ஆமா டீச்சர்! மொத பக்கம். காணிக்கைப் பக்கம். அதுல அப்பாவுக்குன்னு ஒத்த வார்த்ததான் இருந்துச்சு. கடைசி நாளு அந்தப் புள்ள வந்து, அக்கா, ஊரு மெச்சணும்னு அப்பாவுக்குன்னு போட்டுட்டேன், கூலிக்குப் பூவெடுக்கப் போய் என்னப் படிக்க வச்சது எங்கம்மாதான்னு சொல்லுச்சு. மத்தத் திருத்தமெல்லாம் அதுக்கு அடுத்துத்தான் போட்டேன். மாத்துனது மொத்தமும் ஒரே பிரதிலதான்."

'அப்பா'வுக்கு எம், ஜி, செமிகோலன், ஜி, எச். ஜி இடது கைப் பக்கம். அப்பா என்று அடித்திருந்தால் இடது கை அசைந்திருக்கும். டீச்சர் எனக்கு இதைச் சொல்லிவிட்டு, "நீங்களே தெறங்க தம்பி. ரெண்டாவது எழுத்த மட்டும் வாசிங்க" என்றார்.

முதல் பிரதியைத் திறந்தேன். பக்கத்தின் நடுவில் தன்னந்தனியாக ஒரு வார்த்தை. "ஜி" என்றேன். இரண்டாவதும் ஜி. மூன்றாவதும் ஜி. நான்காவதைத் திறந்தேன். அதுவும் ஜி. ஐந்தாவது திறக்க நேரமானது, பாதியில் நின்று, பிறகு வந்தது. முந்தின நாள் அதே எழுத்துகளை நான் குப்பை என்று நினைத்தேன். இப்போது அது எனக்கு வாசிக்க வந்தது.

"கே" என்றேன். என்னையறியாமல் கத்திவிட்டேன் போலிருக்கிறது, டீச்சர் வீட்டுக்காரர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டீச்சர் மவுஸை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை போய், நானூறும் இருக்கிறதா, நடுவில் எங்கும் உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். முழுசாக இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முந்தின நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போய்விட்டார், அதுதான் சொல்ல வருகிறது.

மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. எழுத்துரு சிடி வந்தது, ஆய்வேடு அச்சானது, வெள்ளிக்கிழமை மதியமே அந்தப் பெண் கொடுத்துவிட்டு வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். நான் செய்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அக்காவின் கம்ப்யூட்டரில் டீச்சர் விண்டோஸையே திரும்பப் போட்டார், அவள் கைக்கு எது எங்கே இருந்ததோ அதை அங்கேயே வைத்தார், இணைய வயரைக் கழற்றினார், வருகிற பென்டிரைவையெல்லாம் முதலில் என்னுடைய லினக்ஸில் செருகிச் சுத்தம் பார்த்துவிட்டுத்தான் அக்காவிடம் தர வேண்டும் என்று எனக்கு வேலை கொடுத்தார். ஆக, என் லினக்ஸுக்கும் வீட்டில் ஒரு இடம் கிடைத்தது. அதற்குப் பின் நான் பிரசங்கம் செய்வதில்லை. அக்கா கேட்டால், செய்கிறேன், ஆனால் குறைத்துவிட்டேன் என்பாள்.

ஆனால் அன்று கிளம்பும் முன் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அத்தனை நேரமும் டீச்சர் குரல் ஒரு இம்மி உயரவில்லை. போனில் வயரைப் புடுங்குங்க என்றபோதும், எண்கள் ஓடி முடிந்தபோதும், நான் நான்காவது ஜி சொன்னபோதும் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. இவருக்கு இதெல்லாம் தினசரி வேலை, வந்தால் வரும், வராவிட்டால் போகும் என்று நினைத்திருந்தேன். எல்லாம் முடிந்த பின் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். அக்காவிடம் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். டம்ளர் டபராவில் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. அப்போதுதான் அத்தனை வருஷத்தில் முதன்முறையாக நான் அவருடைய கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். சட்டென்று டம்ளரை என் கையில் திணித்துவிட்டுத் தன் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"என் கைய ஏன் பாக்குறீங்க தம்பி," என்றார். "டீய பாருங்க."